நாம் காணாத பக்கம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,



இந்த வாரம் ஒரு பெட்டியைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். பெட்டியில் தொடங்கினாலும், இறுதியில் என் தவறு ஒன்றை உங்கள்முன் அறிக்கையிட வேண்டியிருக்கிறது. ஆகையால் சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

கணினிப் பொறியியல் படிக்கிற நம் சபையின் வாலிபர் ஒருவர், சில வாரங்களுக்குமுன் ஆராதனை முடிந்தபின் தம் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். கனடா தேசத்தின் வான்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கி, 2010-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்த கருவி அது. பி-கியூபீ என்பது அதன் பெயர். ஐந்து சிறிய திரைகளை ஐந்து பக்கங்களாகப் பொருத்திச் செய்த ஒரு பெட்டி. இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குள் மெய்யாகவே இருப்பவை மின்கம்பிகளும் சில்லுகளும்தான். ஆனால் அதைக் கையில் ஏந்துகிறவருக்கோ, கண்ணாடிப் பெட்டிக்குள் சிறு பொருள்கள் கிடப்பதுபோலத் தோன்றுகிறது. பெட்டியைத் திருப்பினால் அதுவரை மறைந்திருந்த பக்கம் முன்னே வந்து நிற்கிறது. சாய்த்தால் உள்ளிருக்கும் பொருள்கள் உருண்டோடி மூலையில் மோதுகின்றன. குழந்தைகள் கண்ணாடிச் சீசாவுக்குள் பொன்வண்டைப் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்களே, அப்படியே பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது எவ்வாறு நடக்கிறது என்று கேட்டேன். பெட்டியிலும் பார்ப்பவருடைய தலையிலும் உணர்விகள் உண்டாம். பெட்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண் எங்கிருந்து நோக்குகிறது என்பதைக் கணினி கணந்தோறும் அளந்து, அந்தக் கண்ணுக்கு எது எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே ஐந்து திரைகளிலும் வரைகிறதாம். கண் நகர்ந்தால் படமும் மாறும். வாலிபர் மேலும் ஒன்று சொன்னார்: "ஐயா, தலையில் உணர்வி வைத்திருக்கிற ஒருவருக்கு மட்டும்தான் அது சரியாகத் தெரியும். பக்கத்தில் நிற்கிறவருக்குக் கோணலாகத் தெரியும்." கருவியின் குறைகளில் ஒன்றாகத்தான் அதை அவர் சொன்னார். எனக்கோ அந்த வார்த்தை இரவு வரைக்கும் மனதை விட்டு அகலவில்லை.

பிறகு அவரே இன்னொரு கருவியையும் காட்டினார். இது 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் செய்தது. சாய்வாக வைத்த ஒரு கண்ணாடி ஒரு விநாடிக்கு 15 முதல் 20 முறை சுழல்கிறது. மேலிருந்து ஒரு படவீழ்த்தி அதன்மேல் மிகுந்த வேகத்தில் படங்களை வீசுகிறது. ஒரு சுற்றுக்கு 288 படங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு திசைக்கு உரியவை. மேசையைச் சுற்றி நிற்கிறவர்கள் விசேஷக் கண்ணாடி எதையும் அணியாமலே, அவரவர் நிற்குமிடத்திலிருந்து அந்த உருவத்தின் அந்தந்தப் பக்கத்தைக் காண்கிறார்கள். முகத்தைப் பார்க்கிறவர் முகத்தையும், முதுகுப் புறத்தில் நிற்கிறவர் முதுகையும் காண்கிறார். மறுபக்கத்தைக் காண விரும்புகிறவர் அதைக் கையில் எடுத்துத் திருப்ப முடியாது. தாமே எழுந்து சுற்றி நடந்து போகவேண்டும்.

இந்த இரண்டு கருவிகளுக்கும் அடிப்படையான காரியம் புதிதல்ல என்று தேடிப் படித்தபோது அறிந்துகொண்டேன். 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியைச் சேர்ந்த ஹான்ஸ் வாலாக், ஓ'கானெல் என்னும் இருவர் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். கம்பியை வளைத்துச் செய்த ஓர் உருவத்தை ஒளி ஊடுருவும் திரைக்குப் பின்னே வைத்து, விளக்கின் வெளிச்சத்தில் அதன் நிழல் திரையில் விழும்படி செய்தார்கள். உருவம் அசையாதிருந்தபோது பார்த்தவர்கள் தட்டையான கோடுகளையே கண்டார்கள். உருவத்தை மெதுவாகச் சுழற்றியபோதோ, அதே நிழல் ஆழமும் கனமும் உள்ள ஒரு பொருளாக அவர்களுக்குத் தோன்றிற்று. நிழலோடு ஒன்றும் கூட்டப்படவில்லை. அது திரும்பிற்று, அவ்வளவே.

பிரியமானவர்களே, இப்பொழுது என் காரியத்திற்கு வருகிறேன்.

நம் சபையில் ஒரு சகோதரர் இருக்கிறார். அவருடைய அனுமதியோடேயே இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தையல் தொழில் செய்கிறவர். மாதத்தின் முதல் ஞாயிறுகளில் ஆராதனைக்குத் தவறாமல் வருவார். பிரசங்கம் முடியும்வரை கடைசி வரிசையில் இருப்பார். திருவிருந்து ஆராதனை தொடங்கும் நேரத்தில் எழுந்து பக்கவாசல் வழியாகப் போய்விடுவார். ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல, ஓராண்டுக்கு மேலாக இப்படியே நடந்தது. ஆலயக் கட்டட நிதிக்கு அவர் வாக்களித்த காணிக்கையும் பாதியில் நின்றுபோயிருந்தது.

பீடத்தில் நிற்கிறவனுக்கு அந்தப் பக்கவாசல் நன்றாகத் தெரியும். மாதந்தோறும் அதே நேரத்தில் அதே முதுகைப் பார்த்தேன். நிறைவேற்றாத பொருத்தனையின் வெட்கம் அவரைத் துரத்துகிறது என்று எண்ணினேன். அல்லது சபையில் யாரோடோ கசப்பு வைத்துக்கொண்டு, அந்தக் கசப்போடு பந்தியில் சேர அஞ்சுகிறார் என்று எண்ணினேன். மூப்பர்களில் மூன்று பேரைத் தனித்தனியாக அழைத்து விசாரித்தேன். மூவரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். மூன்று சாட்சிகள் கிடைத்துவிட்டார்கள் என்று எனக்குத் திருப்தியாயிருந்தது. அந்த மூவரும் ஆலயத்தில் உட்காருவது ஒரே வரிசையில் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை!

அதற்கடுத்த முதல் ஞாயிறு, அறிவிப்புகளின் நேரத்தில், கர்த்தருடைய பந்தியை அசட்டை செய்து புறப்பட்டுப் போகிறவர்களைப் பற்றிக் கடினமாகப் பேசினேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் அவர் அப்பொழுதுதான் பக்கவாசலை நெருங்கிக்கொண்டிருந்தார். சபையார் பலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு கணம் நின்று, பிறகு போய்விட்டார்.

எண்ணாகமம் 22 முதல் 24 வரையுள்ள அதிகாரங்களை நீங்கள் வாசித்திருப்பீர்கள். மோவாபின் ராஜாவாகிய பாலாக், இஸ்ரவேலைச் சபிக்கும்படி பிலேயாமை அழைத்து வருகிறான். முதலாவது பாகாலின் மேடுகளில் நிறுத்துகிறான். சாபம் வராமல் ஆசீர்வாதம் வருகிறது. உடனே பாலாக் செய்வதைக் கவனியுங்கள். இங்கிருந்து பார்த்தது சரியில்லை, வேறோர் இடத்திலிருந்து பார்க்கலாம் என்று பிஸ்காவின் கொடுமுடிக்குக் கொண்டுபோகிறான். அங்கிருந்து ஜனங்கள் எல்லாரையும் பார்க்க முடியாது, ஒரு பகுதியை மாத்திரம் பார்க்கலாம் என்பதையும் அவனே சொல்லிவிடுகிறான். அதுவும் பலிக்கவில்லை. பிறகு பேயோரின் கொடுமுடி. ஒவ்வோரிடத்திலும் ஏழு பலிபீடங்கள், ஏழு காளைகள், ஏழு ஆட்டுக்கடாக்கள். குற்றம் தெரியக்கூடிய ஒரு கோணத்தைக் கண்டுபிடிப்பதற்காக ஒரு ராஜா எவ்வளவு செலவு செய்கிறான்! பாலாக்கைப் பற்றி நான் முன்பு இரண்டு முறையாவது பிரசங்கித்திருக்கிறேன். என்னைப் பிலேயாமின் இடத்தில் வைத்துப் பார்த்ததுண்டு. பாலாக்கின் இடத்தில் வைத்துப் பார்த்ததில்லை. மூப்பர்கள் மூவரை நான் விசாரித்தபோது ஏறியவையும் மூன்று மலைகளே. நானே தெரிந்தெடுத்த மலைகள்.

அந்த வாலிபர் காணொளியைக் காட்டியது இதற்கு இரண்டு வாரங்களுக்குப் பின்பு. ஒருவருக்கு மட்டுமே சரியாகத் தெரியும், பக்கத்தில் நிற்கிறவருக்குக் கோணலாகத் தெரியும் என்று அவர் சொன்னபோது, எந்த இடத்தில் நான் நிற்கிறேன் என்ற கேள்வி எழுந்தது. பீடத்திலிருந்து எனக்குத் தெரிவது ஒரு முதுகும் ஒரு வாசலும். அவரைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்க எனக்கு அதிகாரமில்லை; மனுஷன் பெட்டியல்லவே. மறுநாள் மாலை அவர் வீட்டிற்கு நடந்து போனேன். ஆலயத்திலிருந்து கால் மணி நேர நடை. ஓராண்டுக்கும் மேலாக நான் போகாத வீடு.

ஒரே அறை. ஒரு பக்கம் தையல் இயந்திரம், மறுபக்கம் கட்டில். கட்டிலில் அவருடைய தாயார் சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். பக்கவாதத்தால் விழுந்து ஒன்றரை ஆண்டாகிறது என்றும், ஊரில் இருந்தவர்களை இங்கே அழைத்து வந்துவிட்டதாகவும் சொன்னார். சபையில் எவருக்கும் அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கல ஐயா" என்றார். குறையாக அல்ல, நேரம் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

கட்டிலின் அருகே சுவரில் ஒரு கடிகாரம். அதன்கீழே ஒரு நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் 6, 8, 10, 12 என்று பென்சிலால் எழுதியிருந்தது. படுத்த படுக்கையாய் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உடல் அழுந்துகிற இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகும். முதல் மாதத்தில் அப்படி ஒரு புண் வந்து, ஆறுவதற்குள் அவர்கள் பட்ட பாட்டை அவர் விவரித்தார். அதன்பின் இரவிலும் கடிகாரத்தில் மணி வைத்து எழுந்து புரட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் புரட்டிவிட்டு, எட்டரை ஆராதனைக்கு வருகிறார். பத்து மணிக்குள் திரும்பியாக வேண்டும். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை அதற்குள் முடிந்துவிடும். முதல் ஞாயிறு மட்டுமே முடியாது.

சீமோன் என்னும் பரிசேயனுடைய வீட்டில் நம் ஆண்டவர் ஸ்திரீயின் பக்கமாகத் திரும்பி, இவளைப் பார்க்கிறாயா என்ற பொருள்படச் சீமோனிடம் கேட்டதை லூக்கா எழுதியிருக்கிறார். அவள் வெகுநேரமாக அவனுடைய பந்தியருகேதான் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டதாகவே அந்த அறையில் உணர்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல ஐயா, காப்பி போடட்டுமா" என்றார். ஞாயிறுதோறும் வீட்டிற்கு வந்ததும் என் பிரசங்கத்தை முதலிலிருந்து தாயாருக்குச் சொல்வது அவர் வழக்கமாம். அன்று அறிவிப்பில் நான் பேசியதை மட்டும் சொல்லவில்லை என்று பிற்பாடு அறிந்தேன்.

வாலாக் 1953-ஆம் ஆண்டிலேயே, நைசர் என்பவரையும் சேர்த்துக்கொண்டு, முன்சொன்ன சோதனையின் தொடர்ச்சி ஒன்றையும் வெளியிட்டார். சுழலும் நிழலை ஒருமுறை பார்த்தவர்களுக்கு, பின்பு அதே நிழலை அசையாமல் காட்டினாலும் அது தட்டையாகத் தெரிவதில்லையாம். கண்ட ஆழம் நினைவில் தங்கிவிடுகிறதாம். இதை நான் இப்பொழுது சோதனைச் சாலை இல்லாமலே அறிவேன். சென்ற மாதமும் அவர் அதே நேரத்தில் எழுந்து அதே பக்கவாசல் வழியாகப் போனார். எனக்குத் தெரிந்ததோ ஒரு கடிகாரமும் பென்சில் எழுத்தும் ஒரு கட்டிலும்.

அன்று மாலைக்குத் திரும்புகிறேன். ஜெபம் செய்தேன். சுவரை நோக்கியிருந்த அந்தத் தாயாரின் முதுகுக்கே ஜெபம் செய்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ஆமென் சொல்லும்போது கடிகாரம் ஆறு அடித்தது. அவர் கைகளைக் கழுவிக்கொண்டு வந்து, "ஐயா, தோள் பக்கம் ஒரு கை பிடிக்கிறீங்களா? தனியாப் புரட்டினா அவங்களுக்கு வலிக்குது" என்றார். எப்படிப் பிடிக்கவேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். இருவருமாக மெதுவாகப் புரட்டினோம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்தார். அந்த அம்மாவின் முகம் எங்கள் பக்கம் வந்தது. கண்களைச் சுருக்கி என்னைப் பார்த்து, "யாரு?" என்றார்கள்.

"நம்ம ஐயர் வந்திருக்காங்கம்மா" என்றார் மகன்.

பிரியமானவர்களே, வருகிற முதல் ஞாயிறு தொடங்கி, ஆராதனை முடிந்ததும் நானும் இரண்டு மூப்பர்களும் திருவிருந்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டிற்கும், இதுவரை எங்களுக்குத் தெரியவந்த வேறு ஆறு வீடுகளுக்கும் போகிறோம். நம் தெருக்களில் நான் அறியாத வீடு ஏதேனும் இருந்தால், சனிக்கிழமை மாலைக்குள் எனக்குத் தெரிவியுங்கள். அந்த வீட்டாருக்கு வசதியான நேரம் எது என்பதையும் கேட்டு வந்து சொல்லுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்