இரண்டு நதிகளுக்கு நடுவே ஒரு பழைய வீடு

லாவோஸ் தேசத்தின் படத்தை எடுத்துப் பார்த்தால், மெகோங் மகாநதி மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வருவது தெரியும். வடக்கே ஓரிடத்தில் நாம் கான் என்ற சிற்றாறு வந்து அதனுடன் கலக்கிறது. அந்தச் சங்கமத்தில், இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நாக்கைப் போல நீண்டிருக்கும் நிலத்தில்தான் லுவாங் பிரபாங்கின் பழைய நகரம் இருக்கிறது. கால் வலிக்காமல் நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் பெருமைக்கு மட்டும் குறைவில்லை! 1353-ல் தோன்றிய லான் சாங், அதாவது 'பத்து லட்சம் யானைகள்' என்ற ராஜ்யத்துக்கு இதுதான் தலைநகரம். பதினாறாம் நூற்றாண்டில் தலைநகர் வியன்டியானுக்குப் போய்விட்டாலும், 1975-ல் மன்னராட்சி முடிந்தபோது அரச குடும்பம் இங்கேதான் வசித்து வந்தது. 83 சென்டிமீட்டர் உயரமுள்ள பிரபாங் என்ற புத்தர் சிலைதான் ஊருக்கே பெயர் கொடுத்தது.

பாங்காக்கிலிருந்து விமானத்தில் வரலாம். 2021 டிசம்பரில் ரயிலும் வந்துவிட்டபடியால், வியன்டியானிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வந்து சேரலாம். நானும் என் அத்தையும் ரயிலில்தான் போனோம். அத்தைக்கு வயது அறுபத்தெட்டு. வெளியூர் என்றால் முதல் ஆளாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

பரணில் கிடந்த சாமான்கள்

எங்களுக்குக் கிடைத்த ஜாகை, பிரெஞ்சுக்காரர்கள் காலத்து மாடி வீடு ஒன்று. இப்போது பத்துப் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஹோட்டல். மரச் சட்டங்கள் வைத்த நெட்டை ஜன்னல்கள், பூப்போட்ட சிமெண்டுத் தரை, மெல்லச் சுழலும் மின்விசிறி, கொசுவலை கட்டிய நாலுகால் கட்டில். மூலையில் ஒரு பெரிய ரேடியோப் பெட்டி, அதன் பக்கத்தில் கிராமபோன்!

அத்தை எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"ஏண்டா, இதையெல்லாம் நம் கும்பகோணத்து வீட்டில் பரணில் போட்டுப் பூட்டி வைத்திருந்தோமே! இதைப் பார்க்கவா இவ்வளவு பணம் கொடுத்து வந்தோம்?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கும்பகோணத்து வீடு விலைபோய், இடித்து, இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த ஊரில் அப்படி இடித்துவிட முடியாது. 1893-க்குப் பிறகு பிரெஞ்சு ஆட்சி வந்தபோது, தூண்கள் மேல் நிற்கும் லாவோஸ் மர வீடுகளுக்குப் பக்கத்தில் செங்கல் மாளிகைகள் எழுந்தன. லாவோஸ் கூரையும் பிரெஞ்சு ஜன்னலும் சம்பந்தம் செய்துகொண்டன! இந்த அழகுக்காகவே 1995-ல் யுனெஸ்கோ நிறுவனம் ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் பிறகு பழைய வீட்டை நினைத்தபடி மாற்றிக் கட்ட அனுமதியில்லை. ஆகவே அரச குடும்பத்தார் வாழ்ந்த மாளிகை ஹோட்டலாயிற்று. பழைய ஆஸ்பத்திரி கூட ஹோட்டலாயிற்று!

தம்பி பெயர் முன்னால்

முப்பதுக்கும் மேற்பட்ட புத்த விகாரங்களில் முதன்மையானது, 1560-ஐ ஒட்டி எழுந்த வாட் சியெங் தோங். அதன் கூரைகள் அடுக்கடுக்காகத் தரையைத் தொடுவதுபோல் இறங்குகின்றன. அரசரின் இறுதி ஊர்வல ரதம் நிற்கும் மண்டபத்தின் முகப்பில், தங்க முலாம் பூசிய மரச் சிற்பங்களாக நம் ராமாயணம்! அத்தைக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை. இந்த ஊர் ராமாயணத்துக்குப் 'பிரா லாக் பிரா லாம்' என்று பெயர். லாக் என்றால் லட்சுமணன், லாம் என்றால் ராமன். தம்பியின் பெயர் முன்னால் வருகிறது. "கூடவே போனவனுக்கு அந்த மரியாதையாவது கிடைத்ததே" என்று அத்தை சந்தோஷப்பட்டாள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். மூங்கில் கூடையில் வரும் பசைப்பதமான அரிசிச் சோறும், ஆற்றுப் பாசியை எள் தூவிக் காயவைத்து அப்பளம் போலப் பொரித்துத் தரும் 'கைப்பேன்' என்ற பண்டமும் நமக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் அதனுடன் வரும் 'ஜேவ் பாங்' என்ற மிளகாய்த் துவையலில் எருமைத்தோல் சேர்ப்பதுண்டு. கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது!

விடியற்காலைப் பிக்ஷை

பொழுது புலரும் வேளையில் காவியுடை தரித்த பிக்ஷுக்கள் வரிசையாக வெறுங்காலுடன் வருகிறார்கள். வீட்டுப் பெண்கள் தோளில் அங்கவஸ்திரம் போட்டு, மண்டியிட்டு, ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பிடி சோறு இடுகிறார்கள். பேச்சு மூச்சு கிடையாது. அந்தச் சோறுதான் பிக்ஷுக்களின் ஆகாரம்.

ஆனால் எங்கள் ஹோட்டல் இருந்த தெருவில், சோறு இட்டவர்களைவிடப் படம் பிடித்தவர்களே அதிகம். ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் அத்தை காரணம் கேட்டாள்.

"எங்கள் பாட்டி வீடும் இந்தப் பக்கம்தான் அம்மா. வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்கு வெளியே புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டோம். அந்த வாடகையில்தான் நானும் தம்பியும் படித்தோம். புது வீடு மழைக்கு ஒழுகாது. ஆனால் இந்த வரிசை அங்கே வருவதில்லை. பாட்டிக்கு அது ஒன்றுதான் குறை" என்றாள் அவள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? வீடு சோறு போட்டது; பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஆனால் ஒவ்வொரு குடும்பமாக இப்படி வெளியேறினால், விகாரங்களைப் போஷிப்பவர்கள் யார்? சுவர்களைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. வாசலில் மண்டியிடுகிறவளை எந்தச் சட்டத்தால் அங்கே இருத்தி வைப்பது? ஊரின் அக்கறையுள்ளவர்கள் பல வருஷங்களாகக் கேட்டுவரும் கேள்வி இது.

அன்று மாலையே அத்தை ஒரு தீர்மானம் செய்தாள். கடைசி இரண்டு நாட்களுக்கு, சொந்தக்காரர்களே கீழ்க்கட்டில் குடியிருக்கும் ஒரு விடுதியைத் தேடிப் பிடித்து மாறினோம். கிராமபோன் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகளும், ஓயாமல் அலறும் டெலிவிஷனும்தான். ஆனால் விடியற்காலை அந்த வீட்டுப் பாட்டியம்மாள் சோற்றுக் கூடையுடன் வாசலுக்கு வந்தாள். அத்தை நிலைப்படிக்கு உள்ளேயே, கை கூப்பியபடி நின்றாள்.

நீங்கள் போவதானால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளுமையாக இருக்கும். வெயிலுக்குப் பயமில்லையென்றால் ஏப்ரல் நடுவில் போங்கள்; நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி அவர்களுக்கும் புத்தாண்டு; பிரபாங் சிலையை வெளியே எழுந்தருளச் செய்து நீராட்டுவார்கள். பிக்ஷை வரிசையைப் பார்க்கும்போது எதிர்ச்சாரியில் ஒதுங்கி நில்லுங்கள். பளிச்சென்று விளக்கடித்துப் படம் எடுக்காதீர்கள். அறை தேடும்போது, "வீட்டுக்காரர்கள் இங்கேயே இருக்கிறார்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருந்தால், இரண்டு நாளாவது அங்கே தங்குங்கள்.