மெய்யெழுத்துகள் தொலைந்த இடம்

எங்கள் வீட்டு அம்பாசடர் காருக்கு நாங்களே ஒலியமைப்புச் செய்ய முற்பட்டது அப்பாவுக்காக. ஊருக்குப் போகும் மூன்று மணி நேரமும் அவர் கே. பி. சுந்தராம்பாளைக் கேட்டுக்கொண்டே வர வேண்டும் என்பது ஆசை. எங்களில் மூத்தவன் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவன். இளையவன் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கிறவன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவர் செவி மந்தமாகி வருவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. “எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் முணுமுணுக்கிறீங்க” என்பார்.

எல்லா ஒலிகளையும் செம்மையாகச் சொல்ல ஒரே ஸ்பீக்கரால் ஆவதில்லை. கதவில் பொருத்தும் ஆறரை அங்குல வூஃபர் தாழ்ந்த ஒலிகளுக்கு. முன்கண்ணாடியின் ஓரத்தூணில் பொருத்தும் ஓர் அங்குல ட்வீட்டர் உயர்ந்த ஒலிகளுக்கு. இவ்விரண்டுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். அதிலுள்ள கெப்பாசிட்டர் தாழ்ந்த அதிர்வுகளைத் தடுத்து உயர்ந்தவற்றை விடும். காயில் அதற்கு நேர்மாறு. பங்கீடு இல்லையேல் தாழ்ந்த ஒலியின் வேகம் தாங்காமல் ட்வீட்டர் கருகிவிடும்.

3000 ஹெர்ட்சில் பிரிப்பதென முடிவு செய்தோம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு, ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவுள்ள லிங்க்விட்ஸ்–ரைலி முறையில், 6.6 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் 0.42 மில்லி ஹென்றி காயிலும் வேண்டும். சென்னை ரிச்சித் தெருவில் 3.3 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்களை வாங்கி, இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் கோத்தோம். காயில்களைச் செம்புக் கம்பியால் நாங்களே சுற்றினோம். கூம்பின் பின்புற ஒலி முன்புற ஒலியோடு கலந்து அதை மெலியச் செய்யாதிருக்க, கதவின் உட்தகட்டுத் துளைகளையெல்லாம் அடைத்தோம்.

முதல் பயணத்தில் அப்பா சற்று நேரம் உற்றுக் கேட்டார். “குரல் வருதுப்பா. சொல்லு வரல” என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விளக்கம் எங்களிடம் ஆயத்தமாக இருந்தது. முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுகளை. உயிரொலிகளின் வலிமை பெரிதும் 1000 ஹெர்ட்சுக்குக் கீழே. ச, த, ட முதலியவற்றைப் பிரித்துக் காட்டும் உரசலும் வெடிப்பும் பெரும்பாலும் 2000க்கு மேலே. ஆகவே உயிர் கேட்கும், மெய் கேட்காது. தொல்காப்பியப் பிறப்பியல் நடத்தும்போது வகுப்பில் சொல்லத்தக்க உதாரணம் என்று மூத்தவனுக்கு உள்ளூர மகிழ்ச்சிகூட. அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை, ஒலியைக் கூட்டினோம். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

ஊர் திரும்பிய இரவு இளையவனுக்குத் தூக்கம் வரவில்லை. காரில் எல்லா அதிர்வுகளும் கலந்த இரைச்சலை ஓடவிட்டு, கைபேசிச் செயலியில் அளந்து பார்த்தான். 3000 ஹெர்ட்சை ஒட்டி ஒரு பள்ளம். இந்த முறையில் பிரிக்கும் புள்ளியில் இரு ஸ்பீக்கர்களும் எதிரெதிராக இயங்கும்: ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், இரண்டும் சேர்ந்து அந்த ஒலியை அழித்துவிடும். அதற்காகவே ட்வீட்டரின் நேர், எதிர் முனைகளை மாற்றி இணைக்க வேண்டும். நாங்கள் மாற்றவில்லை. கார்களில் ஸ்பீக்கர்களின் இடைத்தூரத்தால் இந்தக் கணக்கும் பிசகக்கூடும் என்பதால், இரு விதமாகவும் இணைத்துக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதையும் நாங்கள் செய்யவில்லை. முழக்கத்தைக் கேட்டு மகிழ்ந்தோம், சொல்லைக் கேட்கவில்லை. கேட்டவர் அப்பா ஒருவர்தாம். குறை எங்கள் இணைப்பில் இருக்க, அவர் செவியைப் பழித்தோம்.

கம்பிகளை மாற்றினோம், பள்ளம் தூர்ந்தது. அடுத்த பயணத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இப்ப சொல்லு வருது. அன்னிக்கு ஏன்டா வரல?”

“இணைப்பு தப்புப்பா. எங்க தப்புதான்.”

அவர் வெகுநேரம் பேசவில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் மெல்லச் சொன்னார்: “ஆனா ச-வும் த-வும் இன்னும் ஒண்ணாத்தான் கேக்குது. அது என் காதுதான் போல.”

ஆண்டுக்கணக்கில் நாங்கள் சொல்லிச் சலித்ததை அவரே சொல்ல, நாங்கள் எங்கள் தவற்றை ஒருமுறை ஒப்புக்கொண்டதே போதுமானதாக இருந்தது. மறுவாரம் செவிப் பரிசோதனைக்குப் புறப்பட்ட காலையில் அவரை யாரும் வற்புறுத்தவில்லை. நாங்கள் சாவியைத் தேடிக்கொண்டிருக்கையில், சலவைச் சட்டை அணிந்து காரருகே நின்றிருந்தார்.