அகழி வீட்டின் அடித்தளம்

இங்கிலாந்து நாட்டின் வார்விக்ஷயரில், நாற்புறமும் அகழி சூழ நிற்கிறது பேட்ஸ்லி கிளின்டன் மாளிகை. 15ஆம் நூற்றாண்டில் புரோம் குடும்பத்தார் கையில் உருப்பெற்றது. பின்பு திருமண உறவால் ஃபெரர்ஸ் குடும்பத்தாருக்கு உரிமையாயிற்று. நிக்கோலஸ் புரோம் என்பவர் ஊர்ப் பங்குக்குருவைக் கொன்றுவிட்டு, கழுவாயாக ஆலயக் கோபுரம் எழுப்பினார் என்பர். (பங்குக்குருவாகிய நான் இதனை விரைந்து கடந்துவிடுகிறேன்!)

அன்பர்களே, என் மனம் தங்குவது அம்மாளிகையின் மண்டபத்தில் அன்று, மேற்குப் பகுதியின் அடியிலுள்ள சாக்கடையில். மேல்மாடிக் கழிப்பறைகளின் கழிவைக் கொண்டுசெல்ல இடைக்காலத்தில் அமைத்த கல்வாய்க்கால் அது. முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில், 1585ஆம் ஆண்டுச் சட்டப்படி, அயல்நாட்டில் குருப்பட்டம் பெற்று நாடு திரும்புவதே அரசத் துரோகமாயிற்று. தச்சுத்தொழில் அறிந்த இயேசு சபைச் சகோதரர் நிக்கோலஸ் ஓவன், அந்த வாய்க்காலை ஒளிவிடமாக்கினார் என்று கருதப்படுகிறது.

1591 அக்டோபரில் ஒரு விடியற்காலை, இராபர்ட் சவுத்வெல் அடிகளார் திருப்பலி தொடங்கும் வேளையில், தேடுவோர் கதவை இடித்தனர். ஹென்றி கார்னெட், ஜான் ஜெரார்டு உள்ளிட்ட குருக்கள் அந்த வாய்க்காலில் இறங்கி, கணுக்கால் நீரில் நான்கு மணி நேரம் அசையாது நின்றனர். வந்தவர்கள் வீடெங்கும் தேடியும் காணாது, கைக்கூலி பெற்றுச் சென்றனர்.

சவுத்வெல் 1595இலும் கார்னெட் 1606இலும் கொல்லப்பட்டனர். ஓவன் அதே 1606இல் இலண்டன் கோட்டைச் சித்திரவதையில் உயிர் நீத்தார். தாம் அமைத்த ஒளிவிடங்களில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை.