ஏழாவது தந்தி

வலியசாலை அக்ரஹாரத்தில் வீடுகளுக்கு நடுவே பொதுச் சுவர். ஒரு வீட்டில் தாளிக்கும் கடுகு அடுத்த வீட்டில் மணக்கும். ஒரு வீட்டில் மீட்டும் ஸ்வரம் மூன்றாம் வீட்டில் கேட்கும். தெருவில் காந்தளூர் மகாதேவர் கோயில். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்பது ஒரு சாரார் வாதம். கொஞ்ச தூரத்தில் சாலைக் கடைவீதியின் இரைச்சல். இன்னொரு பக்கம் தைக்காட்டில் சுவாதித் திருநாள் பெயரிலான இசைக் கல்லூரி. 1939இல் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை முதல்வராகக் கொண்டு தொடங்கி, கே.எஸ். நாராயணஸ்வாமி வீணை கற்பித்த இடம். அந்த வாசிப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறையில் சிலர் இன்னும் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான எழுபது தாண்டிய அத்தையின் எதிரில், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான் இருபத்தாறு வயது மருமான். கையில் நாலு பக்கப் படிவம்.

அவனுக்குத் தொழில் கானமேளா. கோயில் உற்சவம், கல்யாணம், ஓணக் கொண்டாட்டம் என்று வருடத்தில் பாதி இரவுகள் ஏதாவது ஒரு மேடையில் சினிமாப் பாட்டுக்கு கிதார் வாசிக்கிறான். மீதி இரவுகளில் அதே கிதாரில் தோடி வாசிக்கப் பார்க்கிறான். கிதார் ஒத்துழைக்க மறுக்கிறது. ஐந்து வருடம் சிட்டி கட்டிச் சேர்த்த பணம் கைக்கு வந்ததும் ஒரு முடிவுக்கு வந்தான்: கடையில் தொங்குவதை வாங்குவதில்லை, சொல்லிச் செய்யச்சொல்வது. வெளியூரில் கையால் எலக்ட்ரிக் கிதார் செய்யும் ஒருவரைத் தேடிப் பிடித்தான். அவர் அனுப்பியதுதான் இந்தப் படிவம். பாதிப் பணம் முன்பணம். செய்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

படிவத்தில் முதல் கேள்வி நிறம். அதிலேயே அவனுக்கு இரண்டு வாரம் போய்விட்டது. கடல் நீலமா, கறுப்பா, மர நிறமா? பிறகு எத்தனை தந்தி, எத்தனை மெட்டு, எந்த மரம், என்ன நீளம், எந்த பிரிட்ஜ், எந்த பிக்கப் என்று முப்பதுக்கும் மேல்.

"ஏண்டா, ஜாதகம் பார்க்கறாப்பல இருக்கே" என்றாள் அத்தை. "எந்த ராகம் வாசிக்கப்போறேன்னு ஒரு கேள்வி இருக்கா அதுல?"

இல்லை. அந்தக் கேள்வி ஒன்று மட்டும் இல்லை. "தோடி" என்றான் அவன். "அப்போ அதுலேர்ந்து ஆரம்பி."

தோடியின் உயிர் காந்தாரத்தில். அந்த ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்காது, அசையும். வீணையில் அதற்கு வழி இருக்கிறது. சுத்த ரிஷப மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மத்யமத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புவது. ரிஷபத்திலிருந்து மத்யமம் நாலு அரை ஸ்வர தூரம். ஒரு தந்தியின் சுருதியை அவ்வளவு உயர்த்த வேண்டுமானால் அதன் இழுவிசை ஏறக்குறைய 59 சதவீதம் கூட வேண்டும் என்கிறது இயற்பியல். கிதாரின் முதல் தந்தி மிக மெல்லிய ரகத்தில் சுமார் 6 கிலோ இழுவிசையில் நிற்கும். காந்தாரம் அசையும்போது அது 9 கிலோவைத் தாண்டும். இதை ஒரு விரல், கீர்த்தனை முழுக்கச் செய்ய வேண்டும். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போன்ற வேலை அல்ல.

ஆகவே முதலில் முடிவானது நீளம். எலக்ட்ரிக் கிதாரில் இரண்டு அளவுகள் பிரசித்தம். ஃபெண்டர் வழியில் 25.5 அங்குலம், கிப்சன் வழியில் 24.75. முக்கால் அங்குலம்தான் வித்தியாசம். ஆனால் ஒரே தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால் குட்டையானதில் இழுவிசை சுமார் 6 சதவீதம் குறையும். விரல் பிழைக்கும். அவன் குட்டையானதைக் குறித்தான்.

அடுத்து மெட்டுப் பலகையின் வளைவு. பழைய கிதார்களின் பலகை நன்றாக வளைந்திருக்கும். கார்டு பிடிக்கக் கைக்கு இதம். ஆனால் தந்தியை ஓரமாக இழுக்கும்போது அது வளைவின் மேட்டில் இடித்து, சத்தம் பாதியில் செத்துப்போகும். கமகம் வேண்டுமென்றால் பலகை தட்டையாக இருப்பதே நல்லது. தட்டை என்று எழுதினான். மெட்டுகள் இருபத்திரண்டா, இருபத்து நான்கா என்ற கேள்விக்கு அத்தை யோசிக்கவேயில்லை. வீணைக்கு இருபத்து நான்கு, இரண்டு ஸ்தாயி. கிதாரும் அதே கணக்கில் வருவதில் அவளுக்கு ஒரு திருப்தி.

பிரிட்ஜில் ஆசை ஒரு பக்கம் இழுத்தது. கைப்பிடியை அமுக்கினால் எல்லாத் தந்திகளும் சேர்ந்து நடுங்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் மேடையில் பார்க்கவும் கவர்ச்சி. ஆனால் அது ஸ்பிரிங் மேல் மிதப்பது. ஒரு தந்தியை இழுத்தால் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். மற்ற தந்திகளின் சுருதி இறங்கும். பக்கத்தில் சட்ஜமம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது காந்தாரத்தை அசைத்தால் சட்ஜமமும் சேர்ந்து அசையும். சட்ஜமம் அசைகிற சங்கீதம் கர்நாடக சங்கீதம் அல்ல. அசையாத பிரிட்ஜ் போதும் என்று முடிவாயிற்று.

மரம் என்று வந்தபோது அவன் ஆசையாகச் சொன்னான்: "பலா மரத்துல பண்ணச்சொல்லட்டுமா அத்தை? வீணை மாதிரி."

"வீணைக்குக் குடம் குடைஞ்சிருக்கு. தந்தி பேசறது, குதிரை வழியா மரத்துக்கு இறங்கறது, மரம் பேசறது. உன்னோடதுல எதைக் குடையறா?"

எதையும் குடைவதில்லை. அது கெட்டிப் பலகை. எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அதிர, அடியில் ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பியில் உண்டாகும் மின்சாரம்தான் அதன் குரல். மரத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி, உலகம் முழுக்க இன்னும் சண்டை போடுகின்றன. இரண்டு மழைக்காலமும் கடற்காற்றும் உள்ள ஊருக்கு, நன்றாகக் காய்ந்த, கனம் குறைந்த, முறுக்கிக்கொள்ளாத மரம் என்று மட்டும் எழுதினால் போதும். மெட்டுகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு. ஓயாமல் ஓரமாக இழுக்கிறவனுக்கு மெட்டு சீக்கிரம் தேயும் என்பதால் அது ஆடம்பரமில்லை.

மெட்டுப் பலகைக்கு ஈட்டி. இந்த மரத்துக்கு ஒரு கதை உண்டு. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றும் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிதான். 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, கிதார் செய்பவர்கள் திண்டாடினார்கள். செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல்தான் விலக்குக் கிடைத்தது. வலியசாலைக்காரனுக்கு அது தூரத்து மரம் அல்ல. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் அலமாரிகளில் பார்த்த மரம்.

பிக்கப்பில் ஒற்றைச் சுருளா, இரட்டைச் சுருளா? ஒற்றைச் சுருளின் ஒலி துல்லியம். ஆனால் மேடை விளக்குகளின் மின்சார இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை ஒன்றுக்கொன்று அடித்துப்போடச் செய்யும் 'ஹம்பக்கர்' என்ற உபாயத்தை கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் உருவாக்கினார். நம் ஊர் மின்சாரம் 50 சைக்கிள். அதன் இரட்டிப்பான 100இல்தான் இரைச்சல் அதிகம் கேட்கும். சட்ஜமத்தை கிதாரின் தடித்த தந்தியான 'ஈ'யில் வைத்தால், அந்த 100, தோடியின் காந்தாரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து உட்காரும். எந்த ஸ்வரத்துக்காக இவ்வளவு பாடோ, அதன் பக்கத்திலேயே ஓர் அபஸ்வரம் ரீங்காரமிட விடலாமா? இரட்டைச் சுருள் என்று எழுதினான்.

பாக்கி இரண்டு கேள்விகள். அவற்றில்தான் சிக்கல்.

ஒன்று, மெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குழிப்பது. குழித்தால் விரல் மரத்தைத் தொடாது. தந்தியை மட்டும் பிடித்து இழுக்கலாம், வீணையைப் போல. இதற்கு முன்னுதாரணம் உண்டு. டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற ஜான் மெக்லாக்லின், 1970களில் சக்தி குழுவில் வாசித்த கிதாரின் பலகை அப்படிக் குழிக்கப்பட்டது. அதன் குறுக்கே ஏழு உப தந்திகளும் இருந்தன. ஆனால் குழித்த பலகையில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் சுருதி ஏறிவிடும். தோடிக்கு வரம், கார்டுக்குச் சாபம். கானமேளாவில் பாடகர் முறைப்பார். அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். சோறு போடுவது கார்டுதான்.

இரண்டாவது, ஆறு தந்தியா, ஏழா? ஏழாவதாக ஒரு தடித்த தந்தி சேர்த்தால் பலகை அகலமாகும், செலவும் கூடும். சினிமாப் பாட்டுக்கு அது தேவையே இல்லை. கீழ் ஸ்வரங்களைப் பார்த்துக்கொள்ள பேஸ் கிதார் இருக்கிறது.

இரண்டு இரவுகள் தூக்கமில்லை. இரண்டையும் வேண்டாமென்றால் கடையில் வாங்கும் கிதாருக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டும் வேண்டுமென்றால் பிழைப்பு என்ன ஆவது? முன்னால் போனவர்களை நினைத்துப் பார்த்தான். 1969இல் பாலகொல்லுவில் பிறந்து 2014இல் மறைந்த யு. ஸ்ரீனிவாஸ், எட்டுத் தந்தி மாண்டலினை அப்படியே ஏற்கவில்லை. நாலு ஜோடிகளையும் ஒற்றைத் தந்திகளாக்கி, ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து, மின்சாரமும் கொடுத்தார். ஜோடித் தந்தியை வைத்துக்கொண்டு கமகம் எங்கே? எலக்ட்ரிக் கிதாரில் சுகுமார் பிரசாத் கச்சேரி செய்தார். பிறகு பிரசன்னா செய்தார். வாத்தியத்தை ராகத்துக்கு வளைத்தவர்கள் எல்லோரும். ஆனால் அவர்கள் யாரும் மறுநாள் ஆற்றிங்ஙலில் கானமேளாவுக்குப் போக வேண்டியிருந்ததில்லை.

மூன்றாம் நாள் அத்தை தன் வீணையை உறையிலிருந்து எடுக்கச்சொன்னாள். மூட்டுவலியால் அவள் வாசித்து வெகு நாளாகிறது. தேன்மெழுகும் கரியும் கலந்து, அதன் மேல் மெட்டுகளைப் பதித்திருந்தார்கள். சில இடங்களில் மெழுகு உதிர்ந்து, மெட்டு ஆடியது.

"இதைப் பார். மெட்டு தப்பா இருந்தா மெழுகை உருக்கி மறுபடி வைக்கலாம். மேளம் கட்டறவன் எத்தனை தடவை வேணும்னாலும் கட்டுவான். அதனால அதைப் பத்திக் கவலைப்பட்டதே இல்லை. குடம் குடையறபோதுதான் பயப்படுவா. உன்னோடதுல எது மெழுகு, எது குடம்?"

அவன் படிவத்தைத் திரும்பப் பார்த்தான். அதில் முப்பது கேள்விகள் இல்லை, இரண்டு பட்டியல்கள்தான் இருந்தன. பிக்கப் திருகாணியில் நிற்பது. நாளை கழற்றி மாற்றலாம். நிறத்தைச் சுரண்டலாம். தந்தி வாரத்துக்கு ஒன்று. இதெல்லாம் மெழுகு. நீளம், பலகையின் அகலம், பிரிட்ஜ் இருக்கும் இடம், இதெல்லாம் குடம்.

குழிப்பது? அதில் ஒரு விசேஷம். தட்டையாக இருப்பதை என்று வேண்டுமானாலும் குழிக்கலாம். குழித்ததை மீண்டும் நிரப்ப முடியாது. "குழிச்சா குழிச்சதுதானே" என்றாள் அத்தை. ஆகவே இப்போது வேண்டாம். மெட்டுகளை மட்டும் உயரமாக வைக்கச்சொன்னால் விரலுக்கும் மரத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். கானமேளா என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்குக் குழித்துக்கொள்ளலாம்.

ஏழாவது தந்தி நேர் எதிர். வேண்டாமென்றால் அதைத் தொடாமலே நூறு கானமேளா வாசிக்கலாம். ஆறுக்கு மட்டும் அறுத்த பலகையில் பிறகு ஏழாவதுக்கு இடம் கிடையாது. அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வீணையின் சுருதி வழக்கமாக மூன்று கட்டையை ஒட்டி வரும். மூன்று கட்டை என்பது 'ஈ'. அப்படி வைத்தால் கிதாரின் ஆறாவது தந்தி வீணையின் மந்தரம். ஏழாவது 'பி'. அதாவது அனுமந்தரப் பஞ்சமம். வீணையின் நாலாவது தந்தி எங்கே நிற்கிறதோ, மிகச்சரியாக அங்கே.

"அனுமந்தரம் இல்லாம வீணையா?" என்றாள் அத்தை.

ஏழு என்று எழுதினான். நிறத்துக்கு நேரே 'செய்பவர் இஷ்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"எப்போ வரும்?"

"ஆறு மாசம் ஆகும் அத்தை."

"அதுக்குள்ள இதுக்கு மேளம் கட்ட ஓர் ஆளைப் பார். தோடி காந்தாரம் இழுக்கறதை நான் வாயால சொல்லி உனக்கு எப்படிப் புரியும்?"

அன்று சாயங்காலம் தைக்காடு பக்கம் விசாரிக்கக் கிளம்பினான். சிட்டிப் பணத்தில் முன்பணம் போக மிச்சம் இருந்ததில் கொஞ்சம் மெழுகுக்கும் ஆயிற்று.