இட்லி விலையில் வடை

மேட்ரிக்ஸ் என்றவுடன் கறுப்புக் கண்ணாடி போட்ட ஹாலிவுட் ஹீரோ ஞாபகம் வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காரவும். நான் சொல்வது கணக்கு மேட்ரிக்ஸ். தமிழில் 'அணி'. நிரை, நிரல், நேர்மாறு... ஆமாம் ஸார், அதேதான்!

பி.காம். படித்தவனுக்கு முப்பத்தாறு வயதில் இது எதற்கு? நான் எழுதிக்கொண்டிருந்த இரண்டு பத்திரிகைகள் அடுத்தடுத்து மூடிவிட்டன. மிச்சமிருப்பதிலிருந்து வரும் பணம் வாடகைக்குச் சரி. பையனின் ஸ்கூல் ஃபீஸுக்கு உதைக்கிறது. டேட்டா சயின்ஸில் ஒரு மாலை நேரப் படிப்பு இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வில் பாதி மேட்ரிக்ஸ். சீட் கிடைத்தால் கட்டுவதற்காக என் மனைவி ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து, பீரோவில் வைத்திருக்கிறாள். தினம் ராத்திரி நான் நோட்டைத் திறக்கும்போது அந்த பீரோ என்னையே பார்க்கிறது.

கூட்டல், கழித்தல் குழந்தை விளையாட்டு. பெருக்கல்தான் வில்லன். நிரையையும் நிரலையும் ஏன் மோதவிட வேண்டும்? எனக்கு பதில் சொன்னது டிபன் பில்தான்.

நான் 4 இட்லி, 1 வடை. நண்பர் 2 இட்லி, 3 வடை. இது ஓர் அணி. மெஸ்ஸில் இட்லி 8 ரூபாய், வடை 10. ஏ.சி. ஓட்டலில் இட்லி 20, வடை 30. முதல் நிரையில் இட்லி விலைகள், அடுத்ததில் வடை விலைகள். இது இன்னோர் அணி. பெருக்கிப் பாருங்கள். மெஸ்ஸில் என் பில் 42, ஏ.சி.யில் 110. நண்பருக்கு 46, 130. நான்கு பில்லும் ஒரே பெருக்கலில் வந்துவிட்டன!

இப்போது இடம் மாற்றி, விலையை முன்னால் வைத்துப் பெருக்குங்கள். முதல் நிரையில் 68 என்று ஓர் எண் வரும். இட்லி விலையால் வடையைப் பெருக்கியதில் வந்தது! எந்த சர்வரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஏபி வேறு, பிஏ வேறு என்பது இவ்வளவுதான்.

அதனால் பள்ளிக்கூடத்து ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் ஃபார்முலாவும் இங்கே செல்லாது. நடுவில் 2ஏபி போடக்கூடாது. ஏபி பிளஸ் பிஏ என்று இரண்டையும் தனித்தனியாக உட்கார வைக்க வேண்டும். சம்பந்திகள் மாதிரி.

ஏபி-யின் நேர்மாறு எழுதும்போது பி-யின் நேர்மாறு முன்னால் வரும். ஊருக்குப் போகும்போது பீரோவைப் பூட்டிவிட்டு வாசற்கதவைப் பூட்டுகிறோம். திரும்பி வந்ததும் எதை முதலில் திறக்கிறோம்?

இந்த அணிக்கணக்குக்கு ஒழுங்காக இலக்கணம் எழுதியவர் ஆர்தர் கெய்லி என்ற இங்கிலாந்துக்காரர். 1858-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தபோது அவர் வாத்தியார் இல்லை. சொத்துப் பத்திரங்கள் தயாரிக்கும் வக்கீல்! 14 வருஷம் அந்தத் தொழில். பகலில் பத்திரம், மற்ற நேரத்தில் கணக்கு. 1863-ல்தான் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். ஆபீஸ் விட்டு பஸ்ஸில் தொங்கி வந்து புத்தகத்தைத் திறக்கிறவர்கள் அவர் படத்துக்குத் தாராளமாக ஒரு பூ வைக்கலாம்.

ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தை இரண்டுக்கு இரண்டு அணிக்குக் காட்டினார். மூன்றுக்கு மூன்று சரிபார்த்தாயிற்று என்றார். பொதுவாக நிரூபிக்கும் சிரமம் தேவையில்லை என்று விட்டுவிட்டார்! நான் பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் போடுவார்களா?

நிரூபணங்களில் எனக்குப் பிடித்தது ஒற்றை வரிக்காரர்தான். ஓர் அணிக்கு இரண்டு நேர்மாறு இருக்க முடியுமா? ஏ-க்கு பி-யும் நேர்மாறு, சி-யும் நேர்மாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஏசி என்று மூன்றையும் வரிசையாக நிறுத்துங்கள். முதல் இரண்டைச் சேர்த்தால் அலகு அணி, மிஞ்சுவது சி. கடைசி இரண்டைச் சேர்த்தால் மறுபடி அலகு அணி; மிஞ்சுவது பி. ஆக, பி-யும் சி-யும் ஒரே ஆசாமி! எண்ணே இல்லை, கால்குலேட்டர் இல்லை. முதல் தடவை இதை எழுதிய ராத்திரி, தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிச் சொன்னேன். "சரி, அவங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்... லைட்டை அணைங்க" என்றாள்.

தேர்வுக்கு இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். இன்றைக்குப் பதினாலாவது கணக்கு: ஓர் அணியை அதன் நிரை-நிரல் மாற்று அணியால் பெருக்கினால் வருவது சமச்சீர் அணி என்று காட்டுக. பின் பக்கத்தில் விடை தேட முடியாது, விடை கேள்வியிலேயே இருக்கிறது. பென்சிலைச் சீவிவிட்டேன்.