விரல் நுனியில் ஒரு வினா

மருத்துவத்தைப் பிறப்பிப்பது பரிவு; அதனை வளர்ப்பது கணக்கு. பாக்தாத் மருத்துவமனையின் தலைவராக விளங்கிய அறிஞர் அர்ராஸீ இதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார். மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்ட நோயாளருள் ஒரு குழுவினருக்குக் குருதி வாங்கியும், மற்றொரு குழுவினருக்கு வாங்காமலும் இருந்து, விளைவை ஒப்பிட்டதாக அவர்தம் குறிப்புகள் கூறுகின்றன.

ஒப்பிட்டு அறியும் அந்நெறியே இன்று மருந்துகளையும் கருவிகளையும் உருவாக்குகிறது. ஆயினும், அக்கணக்கில் யார் யார் சேர்க்கப்பட்டனர் என்று நாம் கேட்பதில்லை. அவ்வினாவை என்னுள் எழுப்பியது ஆக்ஸிமீட்டர் என்னும் சிறு கருவி.

அது செவ்வொளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி, கடந்து வரும் ஒளியைக் கொண்டு குருதியின் ஆக்ஸிஜன் அளவைக் கணிக்கிறது. 2021ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, அது காட்டிய எண்ணைப் பார்த்தே எங்கள் உம்மாவை வீட்டில் வைத்துப் பார்ப்பதா, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதா என முடிவு செய்தோம். இறையருளால் உம்மா நலம் பெற்றார்கள்.

பின்னர், 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், குருதிச் சோதனையில் உண்மை அளவு 88 விழுக்காட்டிற்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. தோலின் கருநிறமியும் ஒளியை உட்கொள்கிறது என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். அந்நாட்டின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ, குறைந்தது பத்துப் பேரைச் சோதித்து, அவருள் இருவரேனும் கருநிறத்தவராய் இருந்தால் போதும் என்றது. 2025 ஜனவரியில் வெளியிடப்பட்ட வரைவுதான் 150 பேரையேனும், பல்வேறு தோல் நிறத்தவரையும், சோதிக்கக் கோரியது.

எங்கள் உம்மா கருநிறம். அந்தப் பத்துப் பேருள் அவர்களைப் போன்றோர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைத் திருமறை கடிந்துரைக்கிறது. அது வணிகருக்கு மட்டும் உரிய எச்சரிக்கை என எண்ணியிருந்தேன். மனிதரைக் கணக்கெடுக்குங்கால் சிலரை விட்டுவிடுவதும் குறைந்த அளவையே என்று இன்று தோன்றுகிறது. நாளை கருவி செய்யவும் தரவு திரட்டவும் புறப்படும் மாணவச் செல்வங்களே, உங்கள் ஏட்டில் யாருடைய விரல் இடம்பெறவில்லை என்பதை முதலில் பாருங்கள்.