தரையோடு ஒட்டிய வண்டி

கோயம்புத்தூருக்கு ரேஸ் பித்து நேற்று பிடித்ததல்ல. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் பந்தயக் கார்களைக் கட்டி, பெரிய பணம் இல்லாதவர்களையும் ஓட்டவைத்தவர் எஸ். கரிவரதன். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். 2003-ல் செட்டிபாளையத்தில் திறந்த ஓடுதளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பந்தய டீம்களில் ஸ்பேனர் பிடித்துக் கற்றுக்கொண்ட மெக்கானிக்குகள் பலர் இன்று ஊருக்குள் சிறு ஷெட் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் ஆம்னியில் ஜாக்கி, ஸ்டாண்ட், பலகைகளை ஏற்றிக்கொண்டு சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

வீட்டுக்காரத் தம்பியிடம் இருப்பது ஸ்விஃப்ட். கம்பெனியிலிருந்து வரும்போது அடியில் 160 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். இவர் ஸ்பிரிங்கை மாற்றி அதை ஏறக்குறைய 10 செ.மீ.க்கு இறக்கிவிட்டார். (1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறதா என்பதை அவரும் ஆர்.டி.ஓ.வும் பேசிக்கொள்ளட்டும். முறைப்படி போட்ட வேகத்தடையே 10 செ.மீ. உயரம், நம் தெருவில் போடுவது எந்த முறையிலும் சேராது.) ஆயில் மாற்றுவதை வீட்டிலேயே செய்ய வேண்டும், அதைக் கற்றுக்கொடுங்கள் என்பது அவர் கோரிக்கை.

மெக்கானிக் முதலில் காரைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார். மழைத் தண்ணீர் வெளியே ஓடுவதற்காகப் போர்டிகோவை கேட் பக்கம் சரித்திருந்தார்கள். மேலே வழவழப்பான டைல்ஸ் வேறு. "இங்க வேண்டாமுங்க தம்பி. பின்னாடி சிமெண்டுத் தளம் இருக்குதல்ல, அங்க கொண்டாங்க" என்றார். சரிவில் தூக்கிய கார் உருளப் பார்க்கும். ஸ்டாண்டின் ஒடுங்கிய கால்களில் பாரம் இறங்கினால் டைல்ஸ் உடையும். உடைந்தால் ஸ்டாண்ட் சாயும்.

தாழ்ந்த காரில் தொல்லை இரண்டு. வழக்கமான டிராலி ஜாக்கியை முழுக்க இறக்கினாலும் தலை 13 செ.மீ. அளவில் நிற்கும், பம்பருக்கு அடியில் நுழையாது. தாழ்ந்த தலை உள்ள ஜாக்கி வாங்கினால் நுழையும், ஆனால் நடுவில் உள்ள குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர்வரை தள்ளிய பிறகு கைப்பிடி பம்பரில் இடித்து ஆட்ட இடமிருக்காது. பக்கவாட்டில் தூக்கலாமே என்றால், ஜாக்கி உட்காரும் இடமும் ஸ்டாண்ட் உட்கார வேண்டிய இடமும் ஒன்றேதான்: கதவுகளுக்கு அடியில் ஓடும் சில்லுக்குக் (sill) கீழே இரண்டு வெட்டுக்குறிகளுக்கு நடுவே உள்ள தகட்டு மடிப்பு. ஜாக்கி அங்கே இருந்தால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? இந்த இடத்தில்தான் பலர், 'பத்து நிமிஷ வேலைதானே' என்று ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைந்துவிடுகிறார்கள். அசட்டுத் துணிச்சல் என்று திட்டுவது எளிது. எனக்கென்னவோ, இடம் பற்றாமல் போவதும் அதற்குப் பெரிய காரணமாகத் தோன்றுகிறது.

மெக்கானிக் அந்த இடத்தை உண்டாக்கினார். ஒன்றரை அங்குலத் தடிமன் பலகைகளை முன் டயர்களுக்கு எதிரே, படிபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தம்பியை மெதுவாக ஏற்றச் சொன்னார். முன்பக்கம் மூன்று அங்குலம் உயர்ந்தது. ஜாக்கியும் நுழைந்தது, கைப்பிடியும் ஆடியது.

அடுத்து ஹேண்ட் பிரேக், பின் டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. "கியர்ல போட்டா போதாதுங்களா?" என்றார் தம்பி. ஸ்விஃப்ட் முன்சக்கரத்தில் ஓடும் வண்டி. முன்பக்கம் அந்தரத்தில் நிற்கும்போது கியர் எதைப் பிடிக்கும்? பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்தான் அப்போது துணை. பின்பக்கம் தூக்கினால் கதை தலைகீழ்: ஹேண்ட் பிரேக் பிடித்த சக்கரங்கள் ஆகாயத்தில் இருக்கும், கியரும் முன் டயர்க் கட்டைகளும்தான் காப்பாற்ற வேண்டும்.

தூக்கத் தொடங்கியதும் அவர் கண் ஜாக்கியின் சக்கரங்களிலேயே இருந்தது. கைப்பிடியை அழுத்த அழுத்த ஜாக்கியின் தலை நேராக மேலே போவதில்லை. வில்லாக வளைந்து ஏறுகிறது. காரைக் கட்டை போட்டுப் பூட்டிவிட்டோம். அப்படியானால் ஜாக்கிதான் தரையில் நகர்ந்து ஈடுகொடுக்க வேண்டும். ஒரு சின்னக் கல் அதன் சக்கரத்தைத் தடுத்தால், தலை கிராஸ் மெம்பரிலிருந்து வழுக்கும். அதற்காகவே முதலில் தளத்தைத் துடைப்பத்தால் பெருக்கச் சொல்லியிருக்கிறார். நான் அதைச் சுத்தக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உயரம் வந்ததும் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட். தலையில் நடுப்பள்ளம் வெட்டிய ரப்பர். தகட்டு மடிப்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்க, பாரம் அதன் இரு பக்கமும் பரவுகிறது, மடிப்பு நசுங்குவதில்லை. தம்பி ஓரத்தில் கிடந்த ஹாலோ பிளாக்கைக் காட்டி, "இதை வெச்சா ஆகாதுங்களா?" என்றார். மெக்கானிக் அதைக் காலால் நகர்த்திவிட்டார். "கட்டை நசுங்குனா நெறிபடுற சத்தமாச்சும் கேக்குமுங்க. இது சொல்லாம கொள்ளாம பொடியாயிரும்." காரை ஸ்டாண்டில் இறக்கி, தோளால் பலமாகத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. பிறகும் ஜாக்கியை எடுத்துவிடாமல், தலை லேசாகத் தொடும் அளவுக்கு அடியிலேயே நிறுத்தினார். கழற்றிய ஸ்டெப்னியைச் சில்லுக்குக் கீழே படுக்கப் போட்டார். ஜாக்கிக்குள் ஒரு ரப்பர் சீல் தேய்ந்தாலே எண்ணெய் கசிந்து தலை இறங்கும். அதனால் பாரம் ஸ்டாண்டில்தான், மற்றதெல்லாம் காவல்.

ஆயில் வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போல்ட்டைக் கழற்றினார்கள், வடிந்தது, ஃபில்டரை மாற்றினார்கள்.

இறக்கும்போதுதான் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினார். தூக்கும்போது வழியில் இருந்ததென்று பலகைகளைத் தம்பி ஓரமாக எடுத்து வைத்திருந்தார். அவை இல்லாமல் டயர் தரைக்கு வந்துவிட்டால், கைப்பிடியை ஆட்ட வழியின்றி ஜாக்கி காருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். வெளியே எடுக்க இன்னொரு ஜாக்கி வேண்டும். பலகைகளை டயருக்கு நேரே திரும்ப வைத்து, ஜாக்கியால் காரைச் சற்றுத் தூக்கி, ஸ்டெப்னியையும் ஸ்டாண்டுகளையும் உருவி, ஜாக்கியின் வால்வைக் கால் திருகு மட்டும் திறந்தார். முன்பக்கம் மெல்ல இறங்கிப் பலகையில் உட்கார்ந்தது. ஜாக்கியை இழுத்துக்கொண்டு, "இப்ப ரிவர்ஸ் எடுங்க தம்பி" என்றார்.